"வடசென்னை முகம் தேவை": என் பையன் முதன்முதலாக நடிக்கப் போன கதை

டோல்கேட்_அப்பா | ஞாயிறு, இரவு 9:50

இரண்டு மாதமாக எழுத நினைத்து, இன்றுதான் நைட் ஷிஃப்ட் இல்லாமல் உட்கார முடிந்தது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு போஸ்டர் வந்தது. 7 முதல் 10 வயது வரை சிறுவர்கள் தேவை, வடசென்னை முகமாக இருக்க வேண்டும். மனைவி அதைப் படித்துவிட்டுச் சின்னவனைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "அது என்னங்க முகம்?" நான் பிறந்தது காசிமேடு, வளர்ந்தது தண்டையார்பேட்டை. நாற்பது வருடமாகக் கண்ணாடியில் பார்க்கிற முகத்தில் எந்த இடம் வடசென்னை என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

சின்னவனுக்கு ஏழரை வயது. (ஏழரை என்று எழுதினால் என் அம்மா திட்டுவார், "ஏழு முடிஞ்சிடுச்சின்னு போடு" என்பார்.) இரண்டாம் வகுப்பு. கேரம் நன்றாக ஆடுவான். நடிப்பெல்லாம் பொய் சொல்லும்போது மட்டும்தான். அந்தத் திறமையை நம்பி மனைவி போட்டோ அனுப்பிவிட்டாள்.

கூப்பிட்டார்கள். டோல்கேட்டில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, வடபழனியில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் சாலிகிராமம். ஆபீஸ் என்றார்களே தவிர அது ஒரு அபார்ட்மென்டின் இரண்டாவது மாடி. வாசல் முழுக்கச் செருப்பு. எங்கள் டோக்கன் 64. படிக்கட்டு நெடுக அப்பாக்கள் பிள்ளைகளுக்குப் பஞ்ச் டயலாக் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குட்டிப் பையன் கழுத்தில் கவரிங் செயின், வாயில் தீக்குச்சி. மறைப்பானேன், மெட்ரோவில் வரும்போது நானும் ஒரு டயலாக் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

இரண்டரை மணி நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். வெள்ளைச் சுவர், ஸ்டாண்டில் ஒரு கேமரா, தரையில் பெருக்கல் குறி மாதிரி ஒட்டிய டேப். பெற்றோர் பின்னால் நிற்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. பேர், வயசு, ஏரியா சொல்லச் சொன்னார்கள். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு. அப்புறம் ஒருவர் கேட்டார், "கெட்ட வார்த்தை தெரியுமா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். ஆயா வாயில மொளகா வெச்சிடும்."

சிரித்துவிட்டார்கள். நான் சொல்லிக் கொடுத்த டயலாக்கை அவன் தொடங்கியதும் "அதெல்லாம் வேணாம்டா செல்லம்" என்று நிறுத்திவிட்டு, "அம்மா போனைக் கீழ போட்டு ஒடச்சிட்ட. அம்மா வராங்க. என்ன பண்ணுவ?" என்றார்கள்.

சின்னவன் கொஞ்ச நேரம் கையைப் பார்த்தான். கையில் ஒன்றும் இல்லை. இல்லாத அந்தப் போனைத் தரையில் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். லேசாக நெளிந்து தொடைக்கு அடியில் சரியாகத் தள்ளிவிட்டு, நிமிர்ந்து, ரொம்ப அன்பாக, "அம்மா, டீ வாங்கியாரட்டா?" என்றான்.

எனக்குப் பகீர் என்றது. ஏனென்றால் மூன்று மாதத்துக்கு முன் எங்கள் வீட்டில் டிவி ரிமோட் உடைந்தபோது இதே உட்காரல், இதே டீ.

பன்னிரண்டு நாள் கழித்து போன் வந்தது, செலக்ட் ஆகிவிட்டான் என்று. ஷூட்டிங் கதை நாளை எழுதுகிறேன்.

ஜிஏரோடு_88 | ஞாயிறு, இரவு 10:14

அண்ணே, செம. வாழ்த்துகள். வடசென்னை முகம்னா என்னன்னு எனக்குத் தெரியும். பாஸ்போர்ட் வெரிஃபிகேஷனுக்கு வர்றவர் நம்மள ஒரு மாதிரி பார்ப்பாரே, அதுதான்.

வியாசர்பாடி_அம்மா | ஞாயிறு, இரவு 10:31

சார், நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மகளை ஒரு விளம்பரத்துக்குத் தேர்வு செய்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனால் போட்டோ ஆல்பம் எடுக்க முதலில் 15,000 ரூபாய் கட்ட வேண்டுமாம். நீங்கள் எவ்வளவு கட்டினீர்கள்?

டோல்கேட்_அப்பா | ஞாயிறு, இரவு 10:35

பத்து பைசா கட்டவில்லை மேடம். மெட்ரோ டிக்கெட்டும் ஷேர் ஆட்டோ காசும்தான்.

கிளாப்_அடிக்கிறவன் | ஞாயிறு, இரவு 10:52

மேடம், கட்டாதீர்கள். நடிக்கிறவருக்குத்தான் காசு தருவார்கள், நடிக்கிறவரிடம் யாரும் காசு வாங்க மாட்டார்கள். வாங்கினால் அது வேறு தொழில்.

நான் ஒன்பது வருடமாக அசிஸ்டென்ட் டைரக்டர். இரண்டு படங்களுக்குக் குழந்தைகளைத் தேடியிருக்கிறேன். டோல்கேட் அண்ணன் சொன்ன போன் சோதனை மாதிரிதான் நாங்களும் ஏதாவது செய்வோம். பஞ்ச் டயலாக் சொல்லும் குழந்தையிடம் எங்களுக்குத் தெரியவருவது அவன் அப்பாவின் நடிப்புதான். எதிராளி பேசுவதைக் காதில் வாங்குகிறானா, கேமராவை மறந்து ஒரு வேலையைச் செய்கிறானா, இந்த இரண்டும் போதும். மற்றதை ஸ்பாட்டில் பார்த்துக்கொள்ளலாம். இல்லாத போனின் மேல் உட்கார்ந்தவனை நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

அந்த "முகம்" விஷயம் பற்றி ஒன்று. 2015ல் 'காக்கா முட்டை' தியேட்டருக்கு வருவதற்கு முன்பே அதில் நடித்த இரண்டு பையன்களுக்கும் குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது. நியாயமான விருது. ஆனால் அதற்கப்புறம் நான் வேலை பார்த்த ஆபீஸ்களில் எல்லாம் "நிஜப் பையன் வேணும், நிஜப் பையன் வேணும்" என்பதுதான் பேச்சு. நிஜப் பையன் வந்து நின்றால், "இவன் அவ்வளவு நிஜமா இல்லையே" என்பார்கள்.

டோல்கேட்_அப்பா | திங்கள், இரவு 8:20

கிளாப் தம்பி, கடைசி வரியை என் வீட்டுச் சுவரில் எழுதி வைக்கலாம். நடந்தது அதேதான்.

லுக் டெஸ்ட் என்று ஒரு நாள் கூப்பிட்டார்கள். சின்னவன் மாநிறம். அவர்களுக்கு அது போதவில்லை. மேக்கப்மேன் ஸ்பாஞ்சை எடுத்து முகம், கழுத்து, முட்டி எல்லாம் கறுப்பாக்கினார். தலையில் எண்ணெய் வைக்காமல் பரட்டையாக்கி, அளவு பெரிதான ஒரு பனியன். அப்புறம் ஒருத்தர் உட்கார்ந்து பாஷை சொல்லிக் கொடுத்தார். அவர் மதுரைப் பக்கத்துக்காரர். "கஸ்மாலம்" சொல்லு, "பேமானி" சொல்லு. சின்னவன் என்னைப் பார்த்து, "நைனா, இது ஆயா பேசுறதுதானே?" என்றான். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைகள் வருவது அம்மாவும் எதிர்வீட்டுப் பாட்டியும் குழாயடியில் சண்டை போடும்போது மட்டும். இவன் ஸ்கூலில் "ப்ரோ" என்று பேசுகிறவன்.

சரி, படம் எடுப்பதாவது நம் பக்கம் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. இங்கே கூட்டம் சேர்ந்துவிடுமாம், பூந்தமல்லி தாண்டி எங்கள் தெருவையே செட்டாகப் போட்டிருந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, அந்த ஆர்ட் ஆட்களைக் கும்பிட வேண்டும். சுவரில் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர், வாசலில் கேரம் போர்டு, மேலே தொங்கும் பல்பு, கலர் கலராகப் பிளாஸ்டிக் குடம், துருப்பிடித்த அடிபம்பு எல்லாம் அப்படியே. சின்னவன் நேராகப் போய்ப் பம்பை அடித்தான். நாலு தடவை அடித்துவிட்டு, "தண்ணி வரல" என்றான். கீழே குழாயே கிடையாது, தெர்மாகோலும் பெயின்டும்தான். இன்னொன்றும் சொன்னான், "நம்ம தெரு மாதிரியே இருக்கு, மீன் வாசனைதான் இல்ல."

முதல் நாள் விடியற்காலை நாலரைக்கு வண்டி வந்தது. முதல் ஷாட் எடுத்தது மதியம் மூன்று நாற்பதுக்கு. அதுவரை? காத்திருப்புதான். லைட்டை நகர்த்துவார்கள், தெர்மாகோலைப் பிடிப்பார்கள், ஜெனரேட்டர் நிற்கும், மேகம் வரும், மேகம் போகக் காத்திருப்பார்கள். சினிமா என்றால் என்ன என்று யாராவது கேட்டால் பிளாஸ்டிக் நாற்காலி என்று சொல்லிவிடுவேன். சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது, இட்லி, பொங்கல், வடை என்று புரொடக்ஷன் அண்ணன்கள் தேடி வந்து கொடுத்தார்கள். சின்னவன் பேப்பர் கப்பையெல்லாம் அடுக்கிக் கோபுரம் கட்டினான், லைட்மேன் ஒருத்தரிடம் சீட்டு விளையாட்டு கற்றுக்கொண்டான். எனக்குத்தான் முதுகு விட்டுப்போனது.

ஷாட் இவ்வளவுதான்: குடத்தோடு ஓடி வர வேண்டும், ஹீரோவின் வண்டியைப் பார்த்து நிற்க வேண்டும், திரும்பிப் பார்க்க வேண்டும். பதினோரு டேக். ஒவ்வொரு தடவையும் மைக்கில் "ஒன் மோர்". ஆறாவதுக்கு மேல் அவன் முகம் சுருங்க ஆரம்பித்தது. ஒன்பதாவது முடிந்து என்னிடம் வந்து, "நான் இன்னா தப்பு பண்றேன்?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்கும் தெரியவில்லை. அப்புறம் கேமராவில் ஃபோகஸ் பிடிக்கும் தம்பி தானாக வந்து, "உன் மேல தப்பே இல்லடா, நீ ஓடுற வேகத்துக்கு எனக்குத்தான் ஃபோகஸ் கிடைக்கல" என்று கையைக் குலுக்கினான். பத்தாவது, பதினோராவது டேக்கை அவன் சிரித்துக்கொண்டே ஓடினான். அந்தத் தம்பி நன்றாக இருக்க வேண்டும்.

நாலாவது நாள்தான் பிரச்சினை. அழ வேண்டிய காட்சி. கிளிசரின் போட்டுப் பார்த்தார்கள், கண் எரிகிறது என்று தேய்த்துவிட்டான், கறுப்பு மேக்கப் எல்லாம் கலைந்துவிட்டது. நான் அவனுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். அந்த இடைவெளியில் ஒரு உதவியாளர் போய், "உங்கப்பா உன்னை விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாரு, இனிமே இங்கதான் இருக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். நான் திரும்பி வரும்போது கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது, சின்னவன் "நைனா நைனா" என்று தேம்பிக்கொண்டிருக்கிறான். சைலன்ஸ் என்று என்னைத் தடுத்துவிட்டார்கள். கட் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள்.

ராத்திரி வேனில் வரும்போது அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டே தூங்கினான். மதுரவாயல் தாண்டியும் பிடி விடவில்லை.

அடுத்த நாள் போகவில்லை. டைரக்டரே போன் செய்து மன்னிப்புக் கேட்டார், தனக்குத் தெரியாது என்றார். அதற்கடுத்த நாள் போனோம். போனது சரியா தப்பா என்று இன்னும் மனசு அடித்துக்கொள்கிறது. அதைக் கேட்கத்தான் இந்த இழையே.

பழைய_குட்டிநட்சத்திரம் | திங்கள், இரவு 9:05

சில வருடங்களாக இங்கே வாசிக்க மட்டுமே செய்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. ஐந்து வயதிலிருந்து பதினொன்று வரை நடித்தவள் நான். பெயர் வேண்டாம்.

எனக்கு "அம்மா செத்துட்டாங்க" என்று சொன்னார்கள். நான் அழுத அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இன்றும் பாராட்டுகிறார்கள். எனக்கு முப்பத்தாறு வயது ஆகிறது. அம்மா போனை எடுக்கத் தாமதமானால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறதோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் ஒரு நாள் போகாமல் இருந்தீர்களே, அதை அவன் மறக்க மாட்டான். என் வீட்டில் யாரும் அப்படிச் செய்யவில்லை.

எண்ணூர்_கரி | திங்கள், இரவு 9:40

நான் மாற்றுக் கருத்து சொன்னால் அடிக்க வராதீர்கள். நம் வீட்டுக் குழந்தையைப் பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன் என்று பயமுறுத்திச் சோறு ஊட்டாத அம்மா உண்டா? ஒரு நிமிஷப் பொய். நல்ல காட்சி கிடைத்தது, பையனுக்கு அடுத்த வாய்ப்பு வரும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்த மாதிரி கதவு எத்தனை தடவை திறக்கும்?

பழைய_குட்டிநட்சத்திரம் | திங்கள், இரவு 9:47

பூச்சாண்டியைச் சொல்கிறவர் சோறு ஊட்டிவிட்டு மடியில் தூங்க வைப்பார். அங்கே கை தட்டினார்கள்.

கிளாப்_அடிக்கிறவன் | திங்கள், இரவு 10:02

கரி அண்ணே, தொழில்படி பார்த்தாலும் அது மட்டமான வேலை. ஒருமுறை ஏமாந்த குழந்தை அப்புறம் செட்டில் யாரையும் நம்பாது. "லுக்கை இங்க கொடு"ன்னு நாம் கையைக் காட்டினால் அவன் கண் அப்பாவைத் தேடும். மீதி நாளெல்லாம் அந்தக் கண்ணோடுதான் எடுக்க வேண்டும். நான் வேலை செய்த ஒரு படத்தில் அழுகைக் காட்சியை முதுகுப் பக்கம் வைத்து எடுத்தோம், தோள் குலுங்குவது மட்டும் போதும் என்று. தியேட்டரில் ஜனம் அழுதது.

இன்னொன்று, ஒன் மோர் சொல்லும்போது குழந்தைக்குக் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய நடிகருக்குத் தெரியும் அது லைட்டா, ஃபோகஸா, தானா என்று. குழந்தை எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளும்.

லேபர்_ஃபைல் | திங்கள், இரவு 11:10

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கக் கூடாது என்ற சட்டத்தில் 2016ல் திருத்தம் வந்தபோது சினிமா, சீரியல், விளம்பரத்தில் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்கு சும்மா வரவில்லை. 2017 விதிகளில் நிபந்தனை போட்டிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, இடைவெளி இல்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. தொடர்ந்து 27 நாளுக்கு மேல் கூடாது. எந்த மாவட்டத்தில் படப்பிடிப்போ அந்த மாவட்ட ஆட்சியரிடம் தயாரிப்பாளர் அனுமதி வாங்க வேண்டும். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஐந்து பேருக்கு ஒருவர் வீதம் பொறுப்பாள் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் குழந்தை பெயரில் டெபாசிட் ஆக வேண்டும், மேஜரானதும் அவனுக்குப் போய்ச் சேரும்.

டோல்கேட் சார் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும் விதியும் அதிலேயே இருக்கிறது. குழந்தையின் விருப்பத்துக்கும் சம்மதத்துக்கும் மாறாக எதையும் செய்ய வைக்கக் கூடாது. சம்மதம் என்பது உங்கள் கையெழுத்து மட்டும் இல்லை.

டோல்கேட்_அப்பா | திங்கள், இரவு 11:32

பர்த் சர்டிபிகேட், ஆதார், ஸ்கூல் போனஃபைடு எல்லாம் ஜெராக்ஸ் வாங்கினார்கள், நாலு இடத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கன்டெய்னர் யார்டில் ஒரு சீல் நம்பர் தப்பாக இருந்தால் லாரியையே நிறுத்துகிறவன் நான், இதைப் படிக்காமல் போட்டிருக்கிறேன். டெபாசிட் பற்றி நாளைக்கே கேட்கிறேன்.

கொருக்குப்பேட்டை_டீச்சர் | செவ்வாய், காலை 6:15

என் வகுப்பிலும் ஒரு சிறுவன் நடித்தான். அவன் அம்மா வந்து, "மிஸ், கன்டினியூட்டி, முடி வெட்டக் கூடாதாம்" என்றார். ஹெச்.எம். என்னைக் கூப்பிட்டு, ஒருத்தனுக்கு விட்டால் எல்லாரும் சடை பின்னிக்கொண்டு வருவான்கள் என்றார். கடைசியில் ஹேர்பின் குத்தி உட்கார வைத்தோம். பாடத்தில் பின்தங்கவில்லை. ஆனால் திரும்பி வந்தபின் மற்ற பிள்ளைகள் அவனை "ஹீரோ, ஹீரோ" என்று கூப்பிட்டே விளையாட்டில் சேர்க்காமல் விட்டார்கள். அதைச் சரிசெய்ய ஒரு டெர்ம் ஆனது. உங்கள் பையனுக்குக் கேரம் இருக்கிறதே, விட்டுவிடாதீர்கள்.

ஜிஏரோடு_88 | செவ்வாய், காலை 9:30

ஒரு டவுட். வடசென்னைப் படம்னா வெட்டு குத்து இருக்குமே. ஏ சர்டிபிகேட் வந்தா பையன் நடிச்ச படத்தைப் பையனே தியேட்டர்ல பார்க்க முடியாதே?

டோல்கேட்_அப்பா | செவ்வாய், காலை 10:05

அதை நினைத்துத்தான் என் மனைவி சிரிக்கிறாள். சென்சார் இன்னும் ஆகவில்லை. ஏ கொடுத்தால் பதினெட்டு வயதாகும்போது கூட்டிப்போகலாம், டெபாசிட்டும் அப்போதுதான் வரும், டிக்கெட்டை அவனே எடுக்கட்டும்.

டோல்கேட்_அப்பா | ஐந்து வாரம் கழித்து, சனி, மாலை 6:40

நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டதால் எழுதுகிறேன். டெபாசிட் பற்றிக் கேட்டேன், முதலில் மழுப்பினார்கள், விதியைச் சொன்னதும் பாஸ்புக் காப்பி கேட்டார்கள். சின்னவன் பெயரில் கணக்கு தொடங்கியாகிவிட்டது. அந்த உதவியாளர் மறுபடி கண்ணில் படவில்லை. ஷூட்டிங் முடிந்து பூசணிக்காய் உடைத்த அன்று சின்னவனைத்தான் உடைக்கச் சொன்னார்கள், கனம் தாங்காமல் காலில் போட்டுக்கொள்ளப் பார்த்தான்.

இப்போது புதுப் பிரச்சினை டப்பிங். ஷூட்டிங்கில் பதிவான சத்தத்தில் ஜெனரேட்டரும் பக்கத்தில் நின்று டயலாக் எடுத்துக் கொடுக்கிறவரின் குரலும்தான் அதிகம். அதனால் திரையில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே மறுபடி பேச வேண்டும். வளசரவாக்கத்தில் ஒரு ஸ்டூடியோ. ஹெட்ஃபோன் காதில் நிற்காமல் அப்பளம் மாதிரி வழுக்கிக்கொண்டே இருந்தது. தன் முகத்தைத் திரையில் பார்த்ததும் அவன் முதலில் கேட்டது, "இந்தக் கறுப்பு எப்ப போவும்?" இரண்டாவது கேட்டது, "பம்புல தண்ணி வருது!" ஆமாம், திரையில் தண்ணீர் கொட்டுகிறது. எப்படி என்று இன்ஜினியர் சிரித்துக்கொண்டே சொன்னார், அவனுக்குப் புரியவில்லை, எனக்கும் பாதிதான்.

ஆனால் விஷயம் அது இல்லை. ஷூட்டிங் முடிந்து நாலாவது நாள் அவனுக்கு மேல் முன்பல் விழுந்துவிட்டது. திரையில் பல்லோடு இருக்கிறவன் "கஸ்மாலம்" என்கிறான், மைக் முன்னால் நிற்கிறவன் சொல்வது "கஃமாலம்". காத்துதான் வருகிறது. பதினைந்து தடவை பேச வைத்துப் பார்த்தார்கள். நாக்கை மடக்கிப் பார்த்தான், விரலை வைத்து மூடிப் பார்த்தான். இன்ஜினியர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேறு குழந்தையை வைத்துப் பேசலாமா என்று ஒருவர் கேட்க, டைரக்டர் வேண்டாம், இவன் குரல்தான் வேண்டும், காத்திருப்போம் என்றார்.

கிளாப்_அடிக்கிறவன் | சனி, மாலை 6:58

அண்ணே, ரிலீஸ் தேதியைப் பல் முடிவு செய்யும் முதல் படம் இதுதான்.

வியாசர்பாடி_அம்மா | சனி, இரவு 7:20

சார், அந்த 15,000 நான் கட்டவில்லை. அப்புறம் அவர்கள் போனையே எடுப்பதில்லை. நன்றி.

டோல்கேட்_அப்பா | சனி, இரவு 9:15

ரொம்பச் சந்தோஷம் மேடம்.

தினமும் காலையில் அந்த ஆபீஸிலிருந்து போன் வருகிறது, பல் எப்படி இருக்கிறது என்று. வாயைத் திறக்க வைத்து டார்ச் அடித்து போட்டோ எடுத்து அனுப்புகிறேன். இன்றைக்கு அனுப்பியதில் ஈறில் வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, கேரம் ஆடும்போது அதை நாக்கால் நோண்டாதே என்று சின்னவனைத் திட்டிக்கொண்டிருக்கிறார்.